வீரையனுக்குப் பூசிய பவுடர்

என் தங்கை அம்சத்தின் வீட்டுக்காரர் வீரையனுக்கு நான் பதினாலாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். 1999ஆம் வருஷம் வாங்கியது. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. பவர் டில்லருக்கு முன்பணம் கட்ட அவ்வளவு குறைந்தது. வீரையன் தன் கறவை மாடு இரண்டையும் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டு, பணத்தைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

அந்த டில்லரில்தான் நான் ஆளானேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே புது ஆற்றுக் கரை நெடுக இன்று மருதையன் என்றால் தெரியாதவர் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் உழைத்துக் கூலி நெல் வாங்கி வந்தவர். நான் இன்று ஆறு ஏக்கர் நிலமும், இரண்டு அறுவடை மிஷினும், ஒரு நடவு மிஷினும், ஒரு காரும் வைத்திருக்கிறேன். பாங்கியில் தவணை தவறாமல் கட்டியதற்காக மேனேஜரே எனக்குச் சால்வை போட்டார். போட்டோ வீட்டில் மாட்டியிருக்கிறது.

எல்லாக் கடனையும் அடைத்தவன் இந்த ஒன்றை மட்டும் அடைக்கவில்லை. எப்போது எடுத்துப்போனாலும் வீரையன், "இருக்கட்டும் மச்சான், நீ எங்க ஓடிடப் போற" என்று சிரித்துவிடுவார். நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல. அம்சத்தைப் பற்றி.

அம்சம் என்னைவிட ஒன்பது வயது சின்னவள். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பதினோரு வயதில் நாற்று முடியைச் சுமந்துகொண்டு வயலில் இறங்கினாள். முப்பது வயதில் இருபத்திரண்டு பெண்களை வைத்து நடவு வேலை எடுத்துச் செய்தாள். வரப்பில் நின்று ஒரு பார்வை பார்த்து, "பதினாறு ஆளு, மூணு மணிக்குக் கரையேறிடலாம்" என்பாள். மூன்று மணிக்குக் கரையேறுவார்கள். நான் நடவு மிஷின் வாங்கியதும் அவள் கூட்டம் கலைந்தது. அதற்கும் அவள் கோபப்படவில்லை. மிஷினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு டீத்தண்ணி வேணாம், வெத்தலை பாக்கு வேணாம். கூலி பத்தலைன்னு உன்னத் திட்டவும் திட்டாது. உனக்குத்தான் பொழுது போவாது அண்ணே" என்றாள்.

வீரையனுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை. எந்த மடையை எப்போது திறந்தால் எந்த வயலுக்கு எவ்வளவு நேரத்தில் ஏறும் என்பது அவருக்கு அத்துப்படி. பேச்சு குறைவு. பொழுது சாயும் நேரத்துக்கு மண்வெட்டியோடு திரும்புவார். தெருமுனையில் ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை, "அம்சம்" என்று கூப்பிடுவார். முதல் தடவைக்கு அவள் பதில் கொடுக்க மாட்டாள். இரண்டாவது தடவையும் கூப்பிட வேண்டும் என்பதற்காகவே சும்மா இருப்பாள். முப்பத்தெட்டு வருஷம் இப்படித்தான் நடந்தது. ஒரே மகள் சுடர்விழி ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். இவர்கள் இருவரும்தான் வீட்டில்.

2021இல் கொரோனா இரண்டாம் தடவை வந்த வைகாசி மாதம் வீரையனுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிகளில் படுக்கை இல்லை. நோய் முற்றாதவர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு மருத்துவக் கல்லூரியில் பயிற்சியில் இருந்த இளம் டாக்டர்களை வைத்துத் தினம் போனில் விசாரித்தார்கள். எங்களுக்கு வந்தது ஒரு பெண்ணின் குரல். காலை ஒன்பது மணிக்கு மணி அடிக்கும்.

"வணக்கம்மா, டாக்டர் எழில்மொழி பேசுறேன். வீரையன் ஐயா எப்படி இருக்காங்க?"

"பரவாயில்லைங்க டாக்டர்."

ஐந்து நாளும் அம்சம் இதையேதான் சொன்னாள். எங்கள் ஆட்கள், பெரிய மனிதர்கள் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். பண்ணையார் கேட்டாலும் அதுதான், தாசில்தார் கேட்டாலும் அதுதான். நமக்காக ஒருவர் மெனக்கெட்டு விசாரிக்கும்போது நம் கஷ்டத்தை எடுத்து அவர் தலையில் போடுவது மரியாதை இல்லை என்று நினைப்பு.

அந்தப் பெண் கெட்டிக்காரி. ஐந்தாம் நாள், "ஐயாவோட இருமல் எனக்கு இங்க வரைக்கும் கேக்குதும்மா. நாளைக்கு வீடியோவுல வரேன். ஒரு தடவை பாத்துடுறேன்" என்றாள்.

வீடியோ என்றால் டச் போன் வேண்டும். அது என்னிடம்தான் இருந்தது. பதினாறாயிரம் கொடுத்து வாங்கியது. மறுநாள் காலை ஏழு மணிக்கே முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் அப்பாவுக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்தபோது, டாக்டர் அவரைத் தொடாமல், வாசலில் நிற்கவைத்தே மாத்திரையைத் தூக்கிப் போட்டார். அப்பா அதைக் குனிந்து பொறுக்கினார். எனக்கு அப்போது எட்டு வயது. அதனால்தானோ என்னவோ, எங்கள் தெருவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கல்யாணத்துக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு போவார்கள். இருப்பதில் நல்ல சேலை, நல்ல சட்டை, முகத்துக்குப் பவுடர். அழுக்காகப் போனால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எலும்பில் ஏறிக் கிடக்கிறது.

வீரையனுக்கு நானே சவரம் செய்தேன். வெந்நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்தேன். என் வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டு, பையில் ஒரு பேனாவையும் செருகினேன். முகம் சாம்பல் பூத்ததுபோல இருந்தது. பவுடரைக் கொட்டிப் பூசினேன். உதடு கறுத்திருந்தது. வெற்றிலை மடித்துக் கொடுத்து மெல்லச் சொன்னேன்.

"எதுக்கு... மச்சான்," என்றார் வீரையன். நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். "பொண்ணு பாக்கவா... வராங்க?"

"சும்மா மெல்லு மாப்பிள்ளை. டாக்டர் பாக்குறப்ப பரதேசி மாதிரியா இருப்ப?"

அம்சம், "அண்ணே, அப்படியே காட்டுவோம் அண்ணே" என்றாள். நான் கேட்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று முதுகுக்குக் கை கொடுத்தேன். என் கை போனில் தெரியாது.

திரையில் அந்தப் பெண் வந்தாள். சின்ன முகம். வீரையனைப் பார்த்ததும் அவளுக்கே நிம்மதி வந்தது தெரிந்தது. "ஐயா நல்லா இருக்கீங்களே" என்றாள். பிறகு, "ஒரே மூச்சுல எத்தனை வரைக்கும் எண்ண முடியுதுன்னு சொல்லுங்க ஐயா" என்றாள்.

நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் நூறு வரைக்கும் எண்ணுவாரு டாக்டர். மூட்டை எண்ணுற ஆளு."

"எதுக்கும் ஆம்புலன்ஸ் அனுப்பி ஆக்சிஜன் பாத்துடலாமா?"

"வேணாங்க டாக்டர். நல்லாத்தான் இருக்காரு. முடியாதவங்களுக்கு அனுப்புங்க."

மறுநாள் விடியற்காலையில் வீரையன் போய்விட்டார். ஒன்பது மணிக்கு வழக்கம்போல மணி அடித்தது. நான் எடுத்தேன். "நல்லா இருக்காருன்னு நீதான சொன்ன. போயிட்டாரு. நீதான் கொன்னுட்ட. நீயெல்லாம் படிச்சு என்ன கிழிச்ச?" என்றேன். அந்தப் பக்கம் அழும் சத்தம் கேட்டது. நான் போனை அணைத்தேன். அம்சம் பக்கத்தில்தான் நின்றாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பதினாலாயிரத்தையும் அதற்கு வட்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். அம்சம் தொடவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட உண்மையச் சொல்லு அண்ணே. பவுடர் போட்டது நாமதான்னு சொல்லு. சொல்லிட்டு வந்து குடு, வாங்கிக்கிறேன்."

"நான் என்ன வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செஞ்சேன்னு நான் சொல்லலையே. அந்தப் பொண்ணு அழுதுச்சு. எனக்குக் கேட்டுச்சு."

நான் சொல்லவில்லை. மருதையன் தப்புச் செய்தான் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நானே போய்ச் சொல்வதா என்று இருந்துவிட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் பணத்தை எடுத்துப்போவேன். "சொல்லிட்டியா?" என்பாள். "இன்னும் இல்லை" என்பேன். காபி கொடுத்து அனுப்பிவிடுவாள். நூறு நாள் வேலைக்குப் போய்க் கஞ்சி குடிக்கிறவள், என்றைக்காவது இறங்கி வருவாள் என்று நினைத்தேன். இரண்டாயிரம் ரூபாய் நோட்டை அரசாங்கம் திரும்ப வாங்கியபோது பாங்கியில் கொடுத்து ஐந்நூறாக மாற்றி, ஒரு கவரில் போட்டுக் காரிலேயே வைத்துக்கொண்டேன். அவள் எந்த நேரத்தில் சரி என்பாள் என்று தெரியாதே.

அவள் இறங்கி வரவில்லை. பொழுது சாய்ந்தால் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். தெருமுனையைப் பார்ப்பாள். யார் கேட்டாலும், "கோழி அடைய வரலை" என்பாள். அவள் வீட்டில் கோழியே கிடையாது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஊர் நர்ஸம்மா அவளை அதே மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனார். அங்கே டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் போனிலும் வீடியோவிலும் வைத்தியம் பார்க்கப் பழக்குகிறார்கள். அதற்கு நோயாளியாகப் பேச ஊர்க்காரர்கள் வேண்டும். ஒரு அறையில் மாணவர், இன்னொரு அறையில் போன் முன்னால் நம் ஆள். அவர்கள் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் பேஷண்ட் வேஷம் என்போம். மாதம் இரண்டு புதன்கிழமை. நாளுக்கு நானூறு ரூபாய், மத்தியானச் சாப்பாடு, பஸ் காசு.

அம்சத்துக்குக் கிடைத்த வேஷம், வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று போன் செய்யும் பெண்.

எனக்குத் தெரிந்ததும் ஆத்திரம் வந்தது. "நானூறு ரூபாய்க்கா இந்த வேஷம்? நான் தரேன், வீட்டுல கிட" என்றேன்.

"நானூறுக்காகப் போவல அண்ணே," என்றாள். "அங்க அரை மணி நேரம் அவரு உள்ள படுத்திருக்காரு. அந்தப் புள்ளைங்க, ஐயா எப்படி இருக்காங்கன்னு கேக்குதுங்க. நான் உள்ள எட்டிப் பாத்துட்டு வந்து பதில் சொல்றேன். வேற எங்க போனா எனக்கு அது கிடைக்கும்?"

பஞ்சாயத்தில் பத்துப் பேரை வாயடைக்க வைத்தவன் நான். அன்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போன ஆவணியில் அவளுக்கு முட்டிவலி. பஸ் ஏற முடியவில்லை என்று நானே காரில் கூட்டிப்போனேன். மூன்றாவது மாடி. அந்தப் பயிற்சியை நடத்துகிறவர் டாக்டர் ஃபஹ்மிதா. நாற்பது வயது இருக்கும். முப்பது பிள்ளைகள் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"போன்ல நீங்க ஆளைத் தொட முடியாது. மூச்சுச் சத்தம் கேக்க முடியாது. உங்க கேள்விதான் உங்க கை. அவங்க பரவாயில்லைன்னு சொன்னா அதோட விட்டுடாதீங்க. நேத்து கக்கூஸ் வரைக்கும் நடந்தவரு இன்னைக்கு நடக்குறாரான்னு கேளுங்க. இட்லி எத்தனை சாப்பிட்டாருன்னு கேளுங்க."

அன்று வீட்டுக்காரர் வேஷம் போடும் ரிட்டையர்டு கண்டக்டர் இளவழகன், பேத்திக்குக் காதுகுத்து என்று வரவில்லை. ஃபஹ்மிதா என்னைப் பார்த்து, "ஐயா, நீங்க கொஞ்சம் படுத்துக்கிறீங்களா? உடம்பு முடியாத மாதிரி" என்றார்.

"படுக்கிறதுக்கு என்னங்க டாக்டர். எங்க ஊர் நாடகத்துல மூணு வருஷம் ராஜா வேஷம் கட்டினவன் நான்."

"வாயத் தொறக்காம படுத்திருக்கணும் டாக்டர்," என்றாள் அம்சம். "எங்க அண்ணனுக்கு அது மட்டும் வராது."

பிள்ளைகள் சிரித்தார்கள். என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, அம்சத்தின் கையில் போனைக் கொடுத்தார்கள். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். திரையில், அடுத்த அறையிலிருந்து பரிதி என்ற பையன். மூக்குக் கண்ணாடி, அப்போதுதான் முளைத்த மீசை.

"வணக்கம்மா. ஐயா எப்படி இருக்காங்க?"

அம்சம் திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்தது என்னை அல்ல. அவள் கண் போன இடம் எனக்குத் தெரிந்தது. "பரவாயில்லைங்க," என்றாள்.

"நேத்துக்கு இன்னைக்கு எப்படிம்மா? எழுந்து நடக்குறாங்களா?"

"வாசல் வரைக்கும் வருவாரு. இன்னைக்கு வரல."

"சரிம்மா. போனை ஐயாகிட்ட குடுங்க. அவங்களே பேசட்டும், வேற யாரும் பதில் சொல்ல வேணாம்." பையன் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தான். "ஐயா, முகத்துல பவுடர் போட்டிருக்கீங்களா? ஈரத் துணியால துடைச்சுட்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு வாங்க. வெத்தலை போட்டிருந்தா வாயக் கொப்பளிச்சுட்டு உதட்டக் காட்டுங்க."

நான் பவுடர் போடாமல் வெளியே கிளம்புகிறவன் இல்லை. அன்றும் போட்டிருந்தேன். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"தம்பி, இந்தக் கேள்விய உனக்கு யாரு சொன்னா?"

பையன் பயந்துபோனான். "லிஸ்ட்ல இருக்குங்க ஐயா. ஏழாவது கேள்வி."

ஃபஹ்மிதாதான் பதில் சொன்னார். "உங்க தங்கச்சி சொன்னதுங்க ஐயா. அவங்க வீட்டுல நடந்ததாம். இதைக் கண்டிப்பா கேக்கச் சொல்லுங்கன்னாங்க. யாரு பவுடர் போட்டதுன்னு கேட்டேன். வீட்டுல இருந்தவங்கதான்னு மட்டும் சொன்னாங்க."

அம்சம் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றரை வருஷமாக அவள் இங்கே வந்து போகிறாள். பவுடர் போட்டது அண்ணன்தான் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நான் முகத்தைத் துடைத்தேன். ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

"இப்ப ஒரே மூச்சுல எண்ணுங்க ஐயா," என்றான் பையன்.

எங்கள் பக்கம் நெல் மூட்டை எண்ணும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்றுதான் தொடங்குவார்கள். என் களத்தில் இருபது வருஷம் மூட்டை எண்ணியவர் வீரையன். "லாபம், ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்தேன். எட்டோடு நிறுத்திவிட்டேன்.

"டாக்டர்," என்றேன் ஃபஹ்மிதாவிடம், அத்தனை பிள்ளைகளுக்கும் கேட்கும்படி. "பவுடர் போட்டது நான். வெத்தலை குடுத்ததும் நான். ஆம்புலன்ஸ் வேணாம்னதும் நான்தான். பழியை மட்டும் ஒரு பொண்ணு மேல போட்டுட்டேன்."

அம்சம் சுருக்குப் பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தாள். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

"எழில்மொழி நம்பர்," என்றார் ஃபஹ்மிதா. "அவங்களைக் கேட்டுக்கிட்டுத்தான் குடுத்தேன். எட்டு மாசமாச்சு. நானே போட்டுத் தரேன்னா உங்க தங்கச்சி வேணாம்னுட்டாங்க. எங்க அண்ணன்தான் பேசணும்னாங்க."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வராந்தாவில் நின்று நானே வீடியோ போட்டேன். சீர்காழிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறாள். அதே சின்ன முகம். கண்ணுக்குக் கீழே மட்டும் கறுப்பு. பின்னால் குழந்தைகள் அழும் சத்தம்.

"அம்மா, நான் மருதையன். வீரையனோட மச்சான். அன்னைக்கு உங்கள வாய்க்கு வந்தபடி பேசினவன்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். சவரத்தையும் பேனாவையும்கூட விடவில்லை. முதுகுக்குப் பின்னால் கை கொடுத்ததைச் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உதடு ரொம்பச் சிவப்பா இருந்துச்சுங்க," என்றாள் கையை எடுத்துவிட்டு. "நாலு வருஷமா அது கண்ணுல நிக்குது. நான் கேட்டிருக்கணும்."

"நீங்க கேட்டிருந்தாலும் நான் பொய்தாம்மா சொல்லியிருப்பேன். உங்க மேல தப்பு இல்லை. என் மேலதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா இருக்காங்களா?"

நான் போனை அம்சத்தின் பக்கம் திருப்பினேன். எழில்மொழிதான் முதலில் கேட்டாள்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"பரவாயில்லைங்க டா..." என்று தொடங்கிய அம்சம் நிறுத்தினாள். வெயில் அடித்துக்கொண்டிருந்த முற்றத்தைப் பார்த்தாள். பிறகு போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள்.

"இல்லைங்க டாக்டர். ரொம்பத் தேடுதுங்க. பொழுது சாஞ்சா இருப்புக் கொள்ள மாட்டேங்குது. ரெண்டு தடவை கூப்பிடுவாரு. நான் மொதத் தடவைக்கு ஏன்னு கேக்காம இருந்திருக்கேன். அத நெனச்சா நெஞ்ச அடைக்குதுங்க. நீங்க தெனம் ஒம்போது மணிக்கு அவரப் பேர் சொல்லிக் கேட்டீங்க. அதையும் தேடுதுங்க."

எழில்மொழி, "நான் கேக்குறேம்மா" என்றாள். "முடிஞ்சப்பல்லாம் காலையில போன் பண்றேன். சொல்லுங்க, எத்தனை இட்லி சாப்பிட்டீங்க இன்னைக்கு?"

"ஒண்ணுங்க."

"நாளைக்கு ரெண்டு சாப்பிடுங்க. கேப்பேன்."

போனை அணைத்துவிட்டு நான் கார் வரைக்கும் போய்க் கவரை எடுத்து வந்தேன். அம்சம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதலையும் வட்டியையும் சேர்த்து எடுத்தேன்.

"வட்டி எதுக்கு? அவரு வட்டிக்கா குடுத்தாரு?" என்றாள். "பதினாலாயிரம். அது போதும். எண்ணிக் குடு."

வட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் முந்தானையில் ஒரு தடவை துடைத்துவிட்டு வலது கையை நீட்டினாள். நாற்று பிடித்துக் காய்த்த கை. நான் முதல் ஐந்நூறை அதில் வைத்து, "லாபம்" என்றேன். பிறகு ரெண்டு, மூணு, நாலு என்று நிதானமாக, அவரைப் போலவே ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, இருபத்தெட்டு வரைக்கும் எண்ணி அவள் விரித்த உள்ளங்கையில் வைத்தேன்.